குளிர்ப்பெட்டியில் குளவியும் அக்காவின் படங்கும்

1

"...ஒரு வெரலு நொழையிற அளவுக்கு அந்த ஜன்னலத் தொறந்தாலும் சரி தம்பி, ஞாயித்துக்கெழம நான் பிளேன் ஏறிருவேன். பொங்கலாவது பொடலங்காயாவது!"

சொன்னது என் அக்கா பாக்கியம். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆயுளின் பெரும்பகுதியைக் கொழுந்து பறித்தே கழித்தவள். சொன்ன இடம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கூடம். சொன்னபோது இடுப்பில் படங்கு கட்டியிருந்தாள், கையில் விளக்குமாறு வைத்திருந்தாள். கண் மட்டும் கூரையிலிருந்த காற்று வரும் ஓட்டையை விட்டு நகரவில்லை. வெளியே ஜனவரி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லா ஜன்னலும் சாத்தி, திரை இழுத்து, நாங்கள் நாலு பேரும் இட்லிச் சட்டிக்குள் இருப்பதுபோல் வெந்துகொண்டிருந்தோம்.

படங்கு என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொழுந்து மலையில் தேயிலைக் குச்சி சேலையைக் கிழிக்காமலும், பனி நனைக்காமலும் இருக்கப் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சாக்கு. இப்போது பிளாஸ்டிக் விரிப்பெல்லாம் வந்துவிட்டது. அக்காவினுடையது பழைய சணல் சாக்கு.

அக்காவுக்கு நாங்கள் முதல்முதலாக எடுத்த விசா கிடைக்கவில்லை. "போனவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?" என்பது அவர்கள் கேள்வி. வீட்டு விலாசம், ஓய்வூதியக் கடிதம், வளர்க்கும் ஆடு வரைக்கும் எழுதிக் கொடுத்து, இரண்டாம் தடவைதான் கிடைத்தது. தைப்பொங்கலை என் வீட்டில் கொண்டாடிவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. ஊரை விட்டு வந்த பிறகு நானும் அக்காவும் ஒரே பானையைப் பார்த்து "பொங்கலோ பொங்கல்" சொன்னதில்லை. இப்போது பொங்கல் எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. அக்காவோ ஊருக்குப் பெட்டி கட்டுகிறாள். திரும்பிப் போவாளா என்று பயந்த அந்த அதிகாரி இதைப் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார்.

2

குளிர் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊரில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவன். பச்சைக் கொழுந்தைத் தட்டில் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறி ஓட்டுவோம். அதைத் தவிர எங்கள் தோட்டத்தில் வேறெங்கும் விசிறி என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. யாருக்கு வேண்டும்? நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கினாலே மூக்கு நுனி சிவக்கும் ஊர் அது. கொழும்பில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருத்தர், அங்கே ஆபீசில் குளிர்ப்பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அக்கா கேட்ட கேள்வி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ரொம்ப நாள் ஓடியது:

"நம்ம மலத் தண்ணி பொல்பிட்டியில போயி விழுந்து, கரண்டா மாறி, கொழும்புக்காரனுக்குக் குளிரா போவுதாக்கும்? இங்கன வந்து ஒக்காந்தா சும்மாவே குடுப்போமே!"

அப்படிப்பட்டவளின் தம்பிக்கு அடிலெய்டில் கிடைத்த வேலை இறைச்சியும் பட்டாணியும் அடுக்கி வைக்கும் குளிர்க் கிடங்கில். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய், ஓடி வெளியே வருவார்கள். நான் சீட்டியடித்துக்கொண்டு அடுக்குவேன். "உனக்குக் குளிரவில்லையா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். "சார், இது எங்க ஊர்ல மாசி மாசம்" என்றேன். அவருக்கு மாசி விளங்கவில்லை. வேலை நிரந்தரமாயிற்று.

கிடங்கில் குளிர் சும்மா கிடைக்கிறது, வீட்டில்தான் வெயில். அக்கா வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலேயே ஒரு சோதனை வந்தது. இந்த நாட்டில் வெளியூரிலிருந்து ஒரு விதை, ஒரு துளி மண் உள்ளே வர விடமாட்டார்கள். மொழிபெயர்க்க என்னையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். அக்காவின் பெட்டியைத் திறந்ததும் மேலேயே படங்கு. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, விளக்குக்கு நேரே காட்டி, மோந்துகூடப் பார்த்தார் அந்த அதிகாரி. அக்கா தோய்த்துத் தோய்த்து வெளுக்க வைத்திருந்ததால் மண்ணும் இல்லை, விதையும் இல்லை. "இது என்ன?" என்று கேட்டார்.

"இடுப்பு" என்று சொல்லச் சொன்னாள் அக்கா.

நான் "இடுப்பு வலிக்குக் கட்டுவது" என்று மொழிபெயர்த்தேன். பாதி பொய்தான். மலைக்குப் போகாத நாளிலும் அது இல்லாமல் அக்காவுக்கு நிற்க வராது. "வேட்டி அவுந்த மாப்பிள்ள மாதிரி இருக்கு தம்பி, அது இல்லாட்டி" என்பாள். எங்கே போனாலும் பெட்டியில் கடைசியாக வைப்பதும் அதைத்தான். எல்லாம் அடுக்கி, மேலே படங்கை மடித்து வைத்துவிட்டால் பெட்டி மூடியாயிற்று என்று பொருள்.

3

எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டி கூரை மேல் உட்கார்ந்திருக்கும். நாலு பக்கமும் வைக்கோல் மாதிரி ஒன்றை அடைத்து, அதன்மேல் தண்ணீர் சொட்ட விட்டு, வெளிக்காற்றை அதன் வழியாக விசிறி உறிஞ்சும். நனைந்து குளிர்ந்த காற்று குழாய் வழியாக இறங்கி ஒவ்வொரு அறைக் கூரையிலும் உள்ள ஓட்டையால் வரும். முதல் நாள் அக்கா எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "காம்பராவுக்கு ஒரு ஓட்ட. கொழுந்து வாட்டுற மாதிரி மனுசன வாட்டுறாங்க" என்றாள். கொழுந்து வாட்டியவன் என்ற முறையில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

இந்தப் பெட்டிக்கு ஒரு குணம். ஓடும்போது ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். உள்ளே வரும் காற்று வெளியே போனால்தான் புதுக் காற்று இறங்கும். வீட்டுக்குக் குடிவந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஆனால் நாங்கள் யார்? பிறந்ததிலிருந்து ஜன்னலைச் சாத்து, கதவைச் சாத்து, பனி வந்துவிடும் என்று வளர்ந்தவர்கள். என் மனைவி சாந்தி ஹட்டன்காரி. குளிரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பது அவள் கணக்கில் பால் பானையை ஓட்டையாக்குவது. அக்கா வந்ததும் அந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. மூன்று மலைநாட்டார் சேர்ந்து ஒரு வீட்டைச் சாத்தினால் எறும்புகூட வழி கேட்கும்.

அப்படிச் சாத்தியிருந்த வீட்டில், வெயில் உச்சிக்கு ஏறிய ஒரு நாள், என் மகள் ரம்யாவின் அறையில் கூரை ஓட்டையிலிருந்து ஒரு பூச்சி விழுந்தது. பிறகு இரண்டு. பிறகு ரீங்காரம். ரம்யா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வந்து, "அப்பா, தேனீ" என்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. வீட்டில் அவள் தமிழில் பேசும் வாக்கியங்களை விரல்விட்டு எண்ணலாம். அக்கா வந்த நாள் முதல் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அக்கா பேசினால் ரம்யா தலையாட்டுவாள். ரம்யா பேசினால் அக்கா "என்னமா பேசுது பாரு!" என்று என்னிடம் சொல்லிப் பூரிப்பாள். சம்பாஷணை அங்கே முடியும்.

நான் அந்த அறைக்குப் போவதற்குள் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"குளவி!"

"இல்ல அத்தை. தேனீ. இது... வேற" என்றாள் ரம்யா.

"கொட்டுறது எல்லாம் குளவிதான், மருமவளே. ஆஸ்பத்திரியில நர்ஸு மிஸ்ஸு கொட்டுனதோட பேரக் கேட்டுட்டா ஊசி போட்டாங்க?"

சிரிக்கிற பேச்சுதான், ஆனால் வாசலைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. ஊரில், ஓடையோரத்து மரம் ஒன்றிலிருந்து கூட்டமாக இறங்கிய குளவிகள் ஒரு தடவை அக்காவின் குழுவைப் பிடித்துக்கொண்டன. அக்கா தேயிலைச் செடிக்கடியில் குப்புறப் படுத்து, படங்கை அவிழ்த்து முதுகின் மேல் போட்டுக்கொண்டாள். படங்கு மூடிய இடமெல்லாம் தப்பியது. மூடாத முகமும் கையும் வீங்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். "கண்ணாடியில பாத்துட்டு, யாரு இந்தப் பொம்பள, நம்ம கட்டில்ல படுத்திருக்கான்னு கேட்டேன்" என்று அதையும் சிரிப்பாகத்தான் சொல்வாள். அதற்குப் பிறகு ரீங்காரம் கேட்டால் ரேடியோவைக்கூட நிறுத்திவிடுவாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது.

4

குளிர்ப்பெட்டி பழுது பார்ப்பவருக்குப் போன் செய்தேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. வெயில் காலத்தில் தேனீக்கள் தண்ணீர் தேடி வரும், ஈர வைக்கோலில் குடிக்கும், சிலது வழி தவறிக் குழாய்க்குள் இறங்கும், கூடு ஏதும் இருக்காது, ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளிச்சத்தைப் பார்த்துப் போய்விடும் என்றார். இதை அக்காவிடம் சொன்னபோதுதான், இந்தக் குறிப்பின் முதல் வரியில் நீங்கள் வாசித்த பதில் வந்தது. உள்ளே நாலு குளவி இருக்கும்போது வெளியே இருக்கும் நாற்பதுக்கு வாசலைத் திறந்து விடுவதா? எனக்கும் அதில் நியாயம் இருப்பதுபோல்தான் பட்டது. மலைநாட்டுப் புத்தி. குளவி இறங்காமல் இருக்கக் குளிர்ப்பெட்டியையும் நிறுத்தி வைத்தோம்.

"பொக போடுவோம்" என்றாள் அக்கா. "பச்ச டர்பன்டைன் எலய ஒடிச்சுக் கொளுத்துனா ஒண்ணு நிக்காது."

டர்பன்டைன் என்பது நம் பக்கம் யூக்கலிப்டஸ் மரத்துக்குச் சொல்வது. அது இந்த நாட்டில்தான் பிறந்தது, தெருவெங்கும் நிற்கிறது. அக்கா கை நிறைய ஒடித்துக்கொண்டு வந்து, பின்கட்டில் பழைய வாளியில் போட்டு, தீப்பெட்டியை எடுத்தாள். ரம்யா எங்கிருந்தோ பறந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"அத்தை! இன்னைக்கி நெருப்பு... கூடாது! போலீஸ் வரும்!"

"பொகைக்குமா போலீசு?"

ஆமாம் என்று நானும் சொன்னேன். காடு பற்றிக்கொள்ளும் வெயில் நாட்களில் வெளியே நெருப்பு வைக்கத் தடை போடுவார்கள். ரேடியோவில் சொல்வார்கள், போனில் செய்தி அனுப்புவார்கள். அக்கா தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டாள்.

"மரம் அவங்களுது, குளவி அவங்களுது, நெருப்புக் குச்சி மட்டும் நம்மளுதா போச்சு" என்றாள். "அப்ப பொங்கல எங்கன வைக்கிறது? கூரையிலயா?"

பொங்கல் பேச்சை அவளே எடுத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அன்று சாயந்தரம் கூடத்தில் பெரட்டு நடந்தது. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் அதே பெரட்டு. அக்கா வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மாதிரி நடுவில் நின்றாள். நாங்கள் மூவரும் வரிசையில்.

"குளவின்னு நான் ஒரு சத்தந்தான் குடுப்பேன். ஓடக் கூடாது. கையக் கால ஆட்டக் கூடாது. அப்பிடியே குப்புற விழணும். மூஞ்சி தரையில. தலைக்கு மேல ஏதாச்சும் துணி. சாந்தி, நீ எங்க விழுவ?"

"மேசைக்கு அடியில, அண்ணி."

"தம்பி?"

"சோபா பக்கம்."

"மருமவளே?"

ரம்யா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு, "அத்தைகிட்ட" என்றாள்.

அக்கா படங்கு முடிச்சை இறுக்கிக்கொண்டாள். "செரி, ஒருக்கா விழுந்து காட்டுங்க பாப்போம்" என்றாள். விழுந்து காட்டினோம். சாந்தியின் கால் மேசைக்கு வெளியே இருந்ததால் இன்னொரு முறை விழ வேண்டியிருந்தது.

இதெல்லாம் நடந்தும் அக்காவின் அறையில், ஜன்னல் திறந்தால் கிளம்பத் தயாராக, பெட்டி நிரம்பிக்கொண்டுதான் இருந்தது. சாந்தி எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "படங்கு மட்டுந்தாங்க பாக்கி."

5

வெள்ளிக்கிழமை மெலிசா வந்தாள். வாடகை வீட்டை நாங்கள் ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று வீட்டுக்காரர் சார்பில் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து பார்ப்பவள். நிமிர்ந்த நடை, கையில் படம் எடுக்கும் டேப்லட் பலகை, காலணியில் ஒரு டக் டக். தோட்டத்தில் தொரை வருகிறார் என்றால் லயத்து வாசலைப் பெருக்கிக் கோலம் போடுவோமே, அந்தப் பழக்கத்தில் சாந்தி காலையிலிருந்தே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நோனா வந்துருச்சு" என்று, தொரைசானியம்மாவுக்குச் சொல்லும் பேரைச் சொல்லி, அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

மெலிசா உள்ளே வந்து இரண்டு அடி வைத்ததும் நின்றுவிட்டாள். வெளியே இருப்பதைவிட உள்ளே வெக்கை. ஏன் இப்படி எல்லாம் சாத்தியிருக்கிறது, குளிர்ப்பெட்டி வேலை செய்யவில்லையா என்று கேட்டாள். நான் "வேலை செய்யும், ஆனால்" என்று ஆரம்பித்து, அக்காவின் பயத்துக்கு ஆங்கிலம் தேடி, சுற்று வழியில் போய்க்கொண்டிருந்தபோது அவள் சுவரிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டாள்.

கூரை மேல் விசிறி உறுமியது. குழாய்க்குள் எத்தனையோ நாளாய் ஒண்டிக்கிடந்தவை எல்லாம் காற்றோடு சேர்ந்து கூடத்து ஓட்டை வழியே ஒரே மூச்சில் இறங்கின. ஒரு கைப்பிடிக் கொழுந்தை யாரோ மேலேயிருந்து கொட்டியதுபோல் இருந்தது. அந்தக் கொழுந்துக்குச் சிறகு இருந்தது.

"குளவீ! படு! படு!"

பெரட்டில் சொன்னபடி விழுந்தோம். நான் சோபா ஓரம். சாந்தி மேசைக்கு அடியில், இந்த முறை காலையும் சேர்த்து. ரம்யா ஒரே பாய்ச்சலில் அத்தையிடம். நடுக்கூடத்தில் நின்றது மெலிசா மட்டுந்தான். வீட்டில் உள்ள எல்லோரும் தன் காலடியில் திடீரென்று குப்புற விழுந்ததை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியாமல் பலகையோடு நின்றாள்.

அக்கா பாதி எழுந்தாள். படங்கை ஒரே இழுப்பில் அவிழ்த்து, மலையில் கூடையை வீசித் தோளில் மாட்டுவதுபோல் வீசி, மெலிசாவின் தலையோடு போட்டு, தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"படு நோனா, படுத்துக்க தாயி! அசையாத!"

நான் தலையை மூடியிருந்த திண்டின் இடுக்கால் பார்த்தேன். கூடத்தின் நடுவே ஒரு சாக்குக் குவியல். ஒரு ஓரத்தில் அக்காவின் வெடித்த பாதம், இன்னொரு ஓரத்தில் டக் டக் காலணி, நடுவில் என் மகளின் வெள்ளைக் காலுறை. மேலே தேனீக்கள் திரைச்சீலையில் முட்டி முட்டிச் சுற்றின. வாடகை வீடு போயிற்று, அக்காவும் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாக்குக்குள்ளிருந்து மெலிசாவின் குரல் தாழ்வாக ஏதோ கேட்டது. ரம்யாவின் குரல் தமிழில் வந்தது.

"அத்தை, இவங்க கேக்குறாங்க... எவ்வளவு நேரம் இப்பிடி படுக்கணும்?"

"அதுங்க போற வரைக்கும்னு சொல்லு."

ரம்யா சொன்னாள். மறுபடி மெலிசா.

"அத்தை, இவங்க சொல்றாங்க... எல்லாம் மூடி இருக்கு. அது எங்க போகும்?"

சாக்கு அசையவில்லை. ரீங்காரம் மட்டும். பிறகு அக்காவின் குரல், யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்வதுபோல்:

"மலையில படுத்தா அது மேல போயிரும். மேல வானம் இருக்கு. இங்கன..."

"இங்கன?" என்றாள் ரம்யா.

"இங்கன வானத்தையுமில்ல சாத்தி வெச்சுட்டோம்."

ரம்யா இதை எப்படி மொழிபெயர்த்தாளோ தெரியாது. சாக்குக்குள் மெலிசா சிரிக்கும் சத்தம் கேட்டது. சாக்கு மெல்ல நகர ஆரம்பித்தது. ஆறு காலோடு ஒரு பழுப்பு மிருகம், தரையைத் தேய்த்துக்கொண்டு, இடையிடையே "மெதுவா நோனா", "அத்தை, என் முடி!" என்று முனகிக்கொண்டு ஜன்னலை நோக்கிப் போயிற்று. சுவரை அடைந்ததும் அதிலிருந்து ஒரு கை நீண்டது. அக்காவின் கண்ணாடி வளையல் போட்ட கை. கொக்கியைத் தட்டிவிட்டு ஜன்னலைத் தள்ளியது. ஒரு விரல் நுழையும் அளவுக்கல்ல, முழுசாக.

வெளிச்சம் கூடத்தை வெட்டிக்கொண்டு வந்தது. தேனீக்கள் பின்கட்டுக்குப் போய்விட்டன. கூரை ஓட்டையிலிருந்து அன்றைக்கு முதல்முதலாகக் குளிர்ந்த காற்று இறங்கியது. என் முதுகில் அது பட்டதும் நானுஓயா ஸ்டேஷன் நினைவுக்கு வந்தது.

6

மெலிசா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைமுடியில் ஒட்டிய சணல் நாரை எடுத்துக்கொண்டே பேசினாள். பண்ணையில் வளர்ந்தவளாம். அவள் அப்பா தேனீ வளர்த்தவராம். கூரைக்கு வராமல் இருக்க அவற்றுக்குத் தாழ்வாக வேறிடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்றாள். வெறும் தண்ணீர் வைத்தால் விழுந்து சாகும், கால் ஊன்றிக் குடிக்க ஈரச் சாக்கு வேண்டும், சணல் சாக்குதான் நல்லது, அதன் நாரில் நன்றாகப் பிடித்து நிற்கும் என்றாள். ரம்யா ஒவ்வொன்றாக அத்தைக்குச் சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். அக்கா அந்தக் கையைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். போகும்போது மெலிசா, படங்கைத் தன் இடுப்பில் கட்டிய நிலையில் தன்னை அக்காவோடு ஒரு படம் எடுக்கச் சொன்னாள். வீடு சுத்தமாக இருக்கிறது, ஜன்னல்களைத் திறந்து வைக்கவும் என்று எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலைச் சாத்திவிட்டுத் திரும்பினோம். அக்கா திறந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்ன சொல் மாறாதவள். ஜன்னலைத் திறந்தால் ஞாயிறு பயணம் என்று சொல்லியிருக்கிறாள். தன் கையாலேயே திறந்தும் ஆயிற்று.

"அக்கா" என்றேன்.

"இரு" என்றாள்.

ரம்யா சாக்குக்காக வீட்டைப் புரட்டினாள். இந்த நாட்டு வீட்டில் சாக்கு எங்கே இருக்கும்? அரிசி பிளாஸ்டிக்கில், வெங்காயம் வலையில், உருளைக்கிழங்கு காகிதத்தில். துவாலை ஒன்றை எடுத்து வந்தாள், சாந்தி பிடுங்கிக்கொண்டாள். எங்கள் மூவர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போவதும் விலகுவதுமாக இருந்தது. ஊசியிடம் நூலைக் கேட்கலாம், அக்காவிடம் அதைக் கேட்க முடியுமா?

அக்கா படங்கைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம், நீளமாக, மூலைக்கு மூலை திரும்பி, முழுசாகக் கேட்டது.

"வெச்சுட்டாங்க" என்றாள் சாந்தி, மெதுவாக.

ரம்யா ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். காதில் மாட்டுவதை எடுத்தாள், மாட்டவில்லை.

கதவு திறந்தது. அக்கா இடுப்பில் பழைய ஊதாச் சேலை ஒன்றைப் பட்டையாக மடித்து இறுக்கிக் கட்டியிருந்தாள். அதை எடுக்கத்தான் பெட்டி திறந்திருக்கிறது. கட்டிலில் மற்றச் சேலைகளும் கோலப்பொடி டப்பாவும் வெளியே கிடந்தன. குளியலறைக்குப் போனாள், குழாய் ஓடியது. வெளியே வந்தபோது கையில் படங்கு, தண்ணீர் சொட்டச் சொட்ட. சாந்தி துடைத்த தரையெல்லாம் நீள நெடுகக் கோடு.

"மருமவளே, அந்த வாய் அகண்ட தட்டத் தூக்கிட்டு வா" என்றாள்.

பின்கட்டில் எலுமிச்சை மரத்து நிழலில் ரம்யா தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அக்கா படங்கை நாலாய் மடித்து அதில் விரித்தாள். ஒரு முனை தண்ணீரில், ஒரு முனை விளிம்புக்கு மேல். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு தேனீ கூரையிலிருந்து இறங்கி, அவள் காதோரமாகச் சுற்றி, சாக்கின் விளிம்பில் உட்கார்ந்தது. நான் அக்காவின் சத்தத்துக்காகக் காத்து, விழுவதற்கு இடமும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அக்கா குந்தினாள். தேனீ உட்கார்ந்த மூலை காய்ந்திருந்தது. விரல் நுனியால் படங்கை மெல்ல இழுத்து, அந்த மூலைக்குத் தண்ணீர் எட்டும்படி சரிசெய்து வைத்தாள்.